இண்டக்‌ஷன் அடுப்புக்குத் தனி லைன்: வயரிலிருந்து பிளக் வரை

அரிசி வேகவைக்கும் எலெக்ட்ரிக் குக்கர் என்றால் கவலையே இல்லை. 700 வாட், அதாவது 3 ஆம்ப்ஸ். சமையலறையில் எந்த லைட் பிளக்கிலும் சொருகிக்கொள்ளலாம். இண்டக்‌ஷன் அடுப்பு அப்படி இல்லை. 2000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 8.7 ஆம்ப்ஸ் வருகிறது. 5 ஆம்ப்ஸ் பிளக் என்று நாம் வழக்கமாகச் சொல்லும் சின்ன பிளக்கின் தாங்குதிறன் இன்றைய கணக்கில் 6 ஆம்ப்ஸ்தான். அதனால்தான் 2000 வாட் அடுப்புகளில் 15 ஆம்ப்ஸ் என்று சொல்லிப் பழகிய, இப்போது 16 ஆம்ப்ஸ் என்று அச்சிட்டிருக்கும், தடிமனான பின் கொண்ட பிளக் வருகிறது. அந்தப் பெரிய பிளக்கை ஒரு கன்வெர்ட்டரில் மாட்டி, கன்வெர்ட்டரைச் சின்ன சாக்கெட்டில் சொருகுவதுதான் நம் ஊர் சமையலறைகளில் அதிகம் நடக்கும் தவறு. முதல் வாரம் ஒன்றும் ஆகாது. பிறகு சாக்கெட் ஓட்டையைச் சுற்றிப் பழுப்பு நிறம் படரும், அப்புறம் பிளாஸ்டிக் தீய்ந்த வாடை வரும்.

"மிக்ஸி, அயர்ன் பாக்ஸ் எல்லாம் இதிலேயேதான் ஓடுது, அடுப்பு மட்டும் என்ன?" என்று கேட்பார்கள். மிக்ஸி 750 வாட், அதுவும் சில நிமிடம்தான். அயர்ன் பாக்ஸ் சூடேறியதும் தெர்மோஸ்டாட் தானாக நிறுத்தி நிறுத்திப் போடும். அடுப்பு காலையில் ஒன்றரை மணி நேரம் விடாமல் ஓடும். வயரும் இணைப்பும் ஆறுவதற்கு அவகாசமே கிடைக்காது.

எம்சிபி, அதாவது கரண்ட் அளவு மீறினால் தானாக விழுந்து லைனை நிறுத்தும் சுவிட்ச், இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா என்பது அடுத்த கேள்வி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எம்சிபி பார்ப்பது லைனில் ஓடும் கரண்டின் அளவை மட்டும். 16 ஆம்ப்ஸ் எம்சிபி 16ஐத் தாண்டிய உடனே விழுந்துவிடாது. அதன் தர விதிப்படி 1.13 மடங்கு, அதாவது 18 ஆம்ப்ஸ் ஓடினால் ஒரு மணி நேரம் வரை விழக்கூடாது. 1.45 மடங்கு, அதாவது 23 ஆம்ப்ஸ் ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சாக்கெட்டில் ஒரு ஸ்க்ரூ லூஸாக இருந்து அந்த இடம் சூடேறும்போது லைனில் கரண்ட் கூடுவதே இல்லை. அதே 8.7 ஆம்ப்ஸ்தான் ஓடுகிறது. எம்சிபிக்கு ஒன்றும் தெரியாது. கரண்ட் வெளியே கசியவில்லை என்பதால், கசிவைக் கண்டால் விழும் ஆர்சிசிபிக்கும் தெரியாது.

கணக்குப் போட்டால் இன்னும் தெளிவாகும். ஒரு லூஸ் இணைப்பில் 0.3 ஓம் தடை இருந்தால், 8.7ஐ 8.7ஆல் பெருக்கி 0.3ஆல் பெருக்க, சுமார் 23 வாட். ஈயம் பற்றவைக்கும் சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். சாக்கெட்டுக்குப் பின்னால், மூடிய பெட்டிக்குள், தினமும் ஒன்றரை மணி நேரம் ஒரு சால்டரிங் அயர்னை வைத்திருப்பது போல. சூட்டில் பித்தளை தளரும், தளர்ந்தால் தடை கூடும், தடை கூடினால் சூடு இன்னும் கூடும். அதனால் வயர் வாங்கச் செலவிடும் கவனத்தைவிட இணைப்புகளில் செலவிடும் கவனம்தான் இந்த வேலையில் முக்கியம். வயர் சுவருக்குள் பத்திரமாகத்தான் இருக்கிறது, எரிவது அநேகமாக முனைகளில்தான்.

வயர் எவ்வளவு?

2000 வாட் அடுப்புக்கு நல்ல செம்பில் 2.5 ஸ்கொயர் எம்எம் வயர் போதும். ஆனாலும் 4 ஸ்கொயர் போடச் சொல்வோம். 15 மீட்டர் தொலைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் போய் வர 30 மீட்டர். 1 ஸ்கொயர் வயரில் இந்த அடுப்பை ஓட்டினால் வயரிலேயே 44 வாட் சூடாக வீணாகும், 5 வோல்ட் குறையும். 2.5 ஸ்கொயரில் 18 வாட். 4 ஸ்கொயரில் 11 வாட், வோல்ட்டேஜ் இறக்கம் 1.3 மட்டும். சமையலறைச் சுவர் வெயிலும் அடுப்புச் சூடும் படும் இடம், ஒரே பைப்பில் இன்னொரு லைனும் போகக்கூடும். இரண்டுமே வயரின் தாங்குதிறனைக் குறைப்பவை. பின்னாளில் அந்த இடத்தில் ஓவனோ பெரிய அடுப்போ வந்தாலும் சுவரை மறுபடி உடைக்க வேண்டாம். 

வயரில் ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 694 என்ற எண்ணும் இருக்க வேண்டும். எஃப்ஆர் வகை, அதாவது தீ எளிதில் பரவாத தோல் உள்ள வயர், குறைந்தபட்சம்; எஃப்ஆர்எல்எஸ் கிடைத்தால் நல்லது, தீப்பிடித்தால் புகை குறையும். வயர் 90 மீட்டர் சுருளாக வரும். பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் ஒரே அளவில் இருக்கட்டும். எர்த்துக்கு மட்டும் மெல்லிய வயர் போட்டு மிச்சம் பிடிக்கிற பழக்கம் இருக்கிறது, அதை அனுமதிக்காதீர்கள். பழுது வந்த அந்த நொடியில் ஷார்ட் கரண்ட் முழுவதையும் சுமக்கப்போவது எர்த் வயர்தான்.

பழைய வீடுகளில் வயர் அளவு 1/18, 3/20, 7/20 என்று கேஜ் கணக்கில் இருக்கும். 1/18 என்றால் ஏறக்குறைய 1.2 ஸ்கொயர், 3/20 ஏறக்குறைய 2 ஸ்கொயர், 7/20 நாலரை ஸ்கொயருக்குச் சற்று மேல். ஆக, சமையலறை பவர் பிளக்குக்கு 3/20 வந்திருந்தால் மெல்லிசுதான். அலுமினிய வயராக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அந்த லைனை விட்டுவிட்டுப் புதிதாக இழுங்கள். அலுமினியத்தையும் செம்பையும் முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு, ஈரப்பதமுள்ள சமையலறையில் அரித்துப்போகும்.

டிபி பாக்ஸில்

எம்சிபிகள் இருக்கும் பெட்டியான டிபியிலிருந்து லைன் நேராக அடுப்பு சாக்கெட்டுக்கு வர வேண்டும். நடுவில் ஜங்ஷன் பாக்ஸில் ஜாயிண்ட் கூடாது, வேறு பிளக்குக்கு லூப் எடுக்கவும் கூடாது. இதுதான் தனி லைன். ஃப்ரிட்ஜ் லைனிலிருந்து ஒரு துண்டு இழுத்து இன்னொரு பெட்டி வைப்பது தனி லைன் ஆகாது.

எம்சிபி எத்தனை ஆம்ப்ஸ் என்பதில் பலர் வழுக்குவார்கள். 4 ஸ்கொயர் வயர் போட்டாயிற்று, 25 ஆம்ப்ஸ் எம்சிபி போடலாமே என்று தோன்றும். கூடாது. லைனின் கடைசியில் இருப்பது 16 ஆம்ப்ஸ் சாக்கெட். எம்சிபி வயருக்கு மட்டும் காவல் இல்லை, லைனில் எது பலவீனமோ அதற்கும் காவல். ஆகவே 16 ஆம்ப்ஸ், சி கர்வ். சி கர்வ் என்றால் ஐந்திலிருந்து பத்து மடங்கு கரண்டில் உடனே விழும், அடுப்பு ஆன் ஆகும் நேரத்தில் வரும் சின்ன உதைப்புக்கு விழாது. முகப்பில் கட்டத்துக்குள் 10000 என்று போட்டிருப்பது அது அறுத்து நிறுத்தக்கூடிய ஷார்ட் சர்க்யூட் கரண்டின் அளவு. எம்சிபி அடிக்கடி விழுகிறது என்று 32 ஆம்ப்ஸ் எம்சிபி மாற்றித் தருகிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களை அடுத்த முறை கூப்பிடாதீர்கள்.

ஆர்சிசிபி 30 மில்லி ஆம்ப்ஸாக இருக்க வேண்டும். 100, 300 என்றெல்லாம் கிடைக்கும். அவை ஆளைக் காப்பாற்றுவதற்கானவை அல்ல. அடுப்புக்குள் எலெக்ட்ரானிக் சர்க்யூட் இருப்பதால் முழு அலைக் கசிவை மட்டும் பார்க்கும் ஏசி டைப் ஆர்சிசிபியைவிட ஏ டைப் பொருத்தம், அலை முழுதாக இல்லாத கசிவையும் அது கண்டுபிடிக்கும். வீட்டுக்கு மொத்தமாக ஆர்சிசிபி இல்லையென்றால் அடுப்பு லைனுக்கு மட்டும் 16 ஆம்ப்ஸ் ஆர்சிபிஓ போட்டுவிடலாம், எம்சிபி வேலையையும் அதுவே பார்க்கும்.

ஆர்சிசிபி போட்டவுடன் விழுகிறது, நிற்கவே மாட்டேன் என்கிறது என்ற புகார் வரும். உடனே அதைக் குறை சொல்லிக் கழற்றிவிடுவார்கள். பெரும்பாலும் காரணம் நியூட்ரல்தான். பேஸ் ஆர்சிசிபி வழியாகப் போய், நியூட்ரல் வேறு லைனின் பாருக்கு (நியூட்ரல் வயர்களைச் சேர்த்து முடுக்கும் உலோகப் பட்டை) திரும்பினால் போன கரண்டும் வந்த கரண்டும் பொருந்தாது, விழத்தான் செய்யும். இன்வெர்ட்டர் இருக்கும் வீடுகளில் இது சகஜம், இன்வெர்ட்டர் நியூட்ரலும் மெயின் நியூட்ரலும் எங்காவது ஒரு சுவிட்ச் போர்டில் கலந்திருக்கும். இன்னொரு காரணம், பழைய வயரிங்கில் ஏதோ ஒரு சாக்கெட்டில் எர்த் இல்லாததால் நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு வயரை எர்த் முனைக்குக் கொடுத்திருப்பார்கள். இந்தக் குறுக்குவழி ஆளைக் கொல்லக்கூடியது. மெயினில் நியூட்ரல் அறுந்தால், எர்த் முனை வழியாக அடுப்பின் உலோகப் பாகம் முழுவதும் 230 வோல்ட் நிற்கும். ஆர்சிசிபி விழுந்தால் அது கண்டுபிடித்துச் சொல்கிறது என்று அர்த்தம், கழற்றாமல் அந்த சாக்கெட்டைத் தேடுங்கள்.

டிபிக்குள் கைவைப்பதும் புதிய லைன் சேர்ப்பதும் உரிமம் உள்ள வயர்மேன் செய்ய வேண்டிய வேலை. வீட்டுக்காரர் செய்ய வேண்டியது, என்ன போடுகிறார்கள் என்று தெரிந்து நின்று பார்ப்பது. மின் இணைப்புக்கு வாரியம் அனுமதித்த பளு எத்தனை கிலோவாட் என்பதையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். ஏசி, கீசர், மோட்டாருடன் அடுப்பும் சேர்ந்தால் அது தாண்டக்கூடும். தாண்டினால் பளுவை உயர்த்த விண்ணப்பிக்க வேண்டும்.

சாக்கெட் வைக்கும் இடம்

மேடையிலிருந்து 20, 30 சென்டிமீட்டர் உயரத்தில், அடுப்பு உட்காரும் இடத்துக்குப் பக்கவாட்டில். நேர் மேலே வைத்தால் குழம்பு ஆவி முழுக்க சாக்கெட்டுக்குள்தான் போகும், அதோடு பால் பொங்கும்போது சுவிட்சை அணைக்கக் கை அடுப்பின் மேல் நீள வேண்டியிருக்கும். சிங்க்கிலிருந்து 60 சென்டிமீட்டராவது தள்ளி. அடுப்பு வயர் இழுபடாமல் எட்ட வேண்டும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தேவைப்படும் தூரத்தில் வைத்தால் இவ்வளவு செலவும் வீண். கடையில் கிடைக்கும் சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பலவற்றின் உள்ளே இருப்பது 0.75 ஸ்கொயர் வயர்.

சுவர் கொத்தி 25 எம்எம் பைப் பதித்தால் மூன்று 4 ஸ்கொயர் வயர் சிரமமில்லாமல் போகும். பைப்பை நேர்க்குத்தாகவோ நேர்ப்படுக்கையாகவோ மட்டும் கொண்டுபோங்கள், குறுக்கே சாய்வாகப் போனால் பிற்பாடு ஷெல்ஃப் மாட்டும்போது ட்ரில் வயரில் இறங்கும். டைல்ஸ் ஒட்டும் முன்பே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

முனைகள்

மெயினை அணைத்துவிட்டு, அணைந்ததை டெஸ்டரை மட்டும் நம்பாமல் மல்டிமீட்டரில் பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும். நியான் டெஸ்டர் எரியாததற்குக் கரண்ட் இல்லாதது மட்டுமே காரணமாக இருக்காது, ரப்பர் செருப்போடு மர ஸ்டூலில் நின்றால்கூட மங்கிப்போகும்.

வயர் முனையில் 10 மில்லிமீட்டர் அளவுக்குத் தோல் உரிக்க வேண்டும். கட்டிங் பிளேயரால் கடித்து இழுக்கும்போது சில இழைகள் அறுந்துபோகும். அறுந்த முனையை வெட்டிவிட்டு மறுபடி உரிக்கச் சொல்லுங்கள். மெல்லிய இழைகள் கொண்ட வயர் என்றால் முனையில் பின் லக் என்ற சின்ன உலோக முனையைப் போட்டு, கருவியால் நசுக்கி இறுக்குவதுதான் (கிரிம்ப்) முறை. லக் இல்லையென்றால் இழைகளை முறுக்கி, இரண்டாக மடித்து உள்ளே செலுத்தலாம். ஈயம் பூசி இறுக்குவது சரி என்று சிலர் நினைக்கிறார்கள். அழுத்தத்தில் ஈயம் மெல்ல நசுங்கும், ஆறு மாதத்தில் ஸ்க்ரூ லூஸாகிவிடும்.

ஸ்க்ரூ செம்பின் மேல் உட்கார வேண்டும், தோலின் மேல் அல்ல. முடுக்கிய பிறகு ஒவ்வொரு வயரையும் தனித்தனியாக இழுத்துப் பார்க்க வேண்டும். வருகிறது என்றால் அது நாளை எரியப்போகும் இணைப்பு. டிபியில் எம்சிபி முனை, நியூட்ரல் பார், எர்த் பார் மூன்றிலும் இதே சோதனை. நியூட்ரல் பாரை மறந்துவிடுவார்கள், கரண்ட் அங்கேயும் அதே 8.7தான்.

சாக்கெட்டை எதிரே நின்று பார்த்தால் மேலே எர்த், வலது பக்கம் பேஸ், இடது பக்கம் நியூட்ரல். சுவிட்ச் பேஸ் வயரில் இருக்க வேண்டும். நியூட்ரலில் போட்டாலும் அடுப்பு எரியும், அணையும். ஆனால் அணைத்த பிறகும் அடுப்புக்குள் பேஸ் நிற்கும்.

லைன் தயாரானதும் அடுப்பை மாட்டும் முன்பு, மெயின் அணைந்திருக்கும்போதே 500 வோல்ட் மெக்கரால் (இன்சுலேஷன் தடையை அளக்கும் மீட்டர்) பேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் இடையே இன்சுலேஷன் பார்க்க வேண்டும். புது வயரில் பத்து மெகா ஓமுக்கு மேல் எளிதாக வரும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே போனால் எங்கோ வயர் சிராய்த்திருக்கிறது. பிறகு மெயினைப் போட்டு பேஸ்-நியூட்ரல் 230 அளவில், பேஸ்-எர்த் அதே அளவில், நியூட்ரல்-எர்த் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள். பேஸ்-எர்த் இடையே 100, 120 என்று தடுமாறினால் எர்த் இல்லை என்று பொருள். மீட்டர் வோல்ட் காட்டினால் மட்டும் எர்த் நல்லதென்று முடிவு செய்துவிடாதீர்கள், எர்த் டெஸ்டர் வைத்து ஓம் அளவு எடுக்கச் சொல்லுங்கள். 5 ஓமுக்குள் இருந்தால் திருப்தி. கோடையில் எர்த் குழி காய்ந்து அளவு ஏறும், வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவது அதற்குத்தான்.

கடைசிச் சோதனை அடுப்பை வைத்து. பெரிய பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் ஊற்றி முழு வேகத்தில் அரை மணி நேரம். கிளாம்ப் மீட்டர் இருந்தால் பேஸ் வயரை மட்டும் கவ்விப் பார்க்கலாம், எட்டரை ஒன்பது ஆம்ப்ஸ் காட்டும். பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துக் கவ்வினால் பூஜ்யம்தான் வரும், மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். அரை மணி கழித்து சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பின்களைத் தொடுங்கள். இளஞ்சூடு இருக்கும், அது சரி. விரலை வைத்திருக்க முடியாத சூடு என்றால் சாக்கெட்டின் உள் கவ்வி பிடிப்பில்லை, அல்லது பின்னால் ஸ்க்ரூ லூஸ். ஒரே ஒரு பின் மட்டும் சுட்டால் எந்தப் பக்கம் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

மேடையில் பதிக்கும் ஹாப்

நான்கு பர்னர் இண்டக்‌ஷன் ஹாப் 7200 வாட் வரை போகும். சிங்கிள் பேஸில் 31 ஆம்ப்ஸ். இதற்கு பிளக்கே கிடையாது. 6 ஸ்கொயர் வயர், பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து நிறுத்தும் 32 ஆம்ப்ஸ் டபுள் போல் எம்சிபி, மேடைக்கு மேல் கை எட்டும் இடத்தில் 32 ஆம்ப்ஸ் டபுள் போல் சுவிட்ச், அதிலிருந்து ஹாப்புக்கு நேரடி இணைப்பு. வயர் நீளமாகப் போனாலோ இன்னொரு லைனோடு ஒரே பைப்பில் போனாலோ 10 ஸ்கொயர்.

வீட்டில் மும்முனை இணைப்பு இருந்தால் பல ஹாப்களை இரண்டு பேஸுக்குப் பிரித்துக் கொடுக்கலாம், பேஸுக்கு 16 ஆம்ப்ஸ் என்று பளு பகிர்ந்துகொள்ளும். இங்கே இரண்டு பொறிகள் உண்டு. ஹாப்பின் அடியில் உள்ள டெர்மினலில் சின்னச் செம்புத் தகடு இணைப்பு ஒன்று வரும். சிங்கிள் பேஸுக்கு அது இரண்டு பேஸ் முனைகளையும் சேர்த்து வைக்கும். அதைக் கழற்றாமல் இரண்டு பேஸ் கொடுத்தால், போட்ட அடுத்த நொடி 400 வோல்ட் நேரடி ஷார்ட். டெர்மினல் மூடியில் ஒட்டியிருக்கும் படத்தைப் பார்க்காமல் எந்த வயரையும் செருக வேண்டாம்.

இரண்டாவது பொறி நிறம். நம் வீட்டு வயரிங்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் பேஸ், கறுப்பு நியூட்ரல். ஹாப்போடு வரும் வயரில் பிரவுன் பேஸ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். நீலத்தை நீலத்தோடு சேர்த்தால் ஹாப்பின் நியூட்ரல் முனைக்கு பேஸ் போய்விடும், 230 வோல்ட்டுக்குச் செய்த போர்டுக்கு 400 கிடைக்கும். புது ஹாப் அன்றோடு முடிந்தது, வாரண்டியும் கிடைக்காது. நியூட்ரலை இரண்டு பேஸுக்கும் பொதுவாக ஒன்றே எடுத்தால் அந்த இணைப்பு அசையவே கூடாது. அது விட்டுப்போனால் இரண்டு பகுதிகளுக்கும் நடுவே வோல்ட்டேஜ் தறிகெட்டு ஏறி இறங்கும். இரண்டு பேஸும் நியூட்ரலும் ஒரே கைப்பிடியில் சேர்ந்து விழும் எம்சிபியாகவே போடுங்கள்.

வாடகை வீட்டில் சுவரை உடைக்க முடியாது என்றால், சுவருக்கு மேலேயே பிவிசி கேசிங் அடித்து டிபியிலிருந்து அதே 4 ஸ்கொயர் லைனைக் கொண்டுவரலாம். காலி செய்யும்போது கழற்றிக்கொள்ளலாம். அதற்கும் வழியில்லை, இருப்பது 16 ஆம்ப்ஸ் சாக்கெட் ஒன்றுதான், வயர் எப்படி என்று தெரியவில்லை என்றால் அடுப்பை 1200 வாட்டில் வைத்து ஓட்டுங்கள், 5.2 ஆம்ப்ஸ்தான் இழுக்கும். அதற்கும் கீழே 400, 600 என்று வைத்தால் இன்னும் குறையும் என்று எண்ண வேண்டாம். பல மலிவு அடுப்புகள் அந்த வேகத்தில் ஆயிரம் வாட் அளவிலேயே சில நொடி ஓடி, சில நொடி நின்று, மறுபடி ஓடும். அடுப்பு ஓடும்போது அதே போர்டில் கெட்டிலோ அயர்ன் பாக்ஸோ போடாதீர்கள். அடுப்பின் கண்ணாடி விரிசல் விட்டிருந்தால் எவ்வளவு நல்ல லைனும் உதவாது, பொங்கிய பால் நேராக காயிலுக்குள் இறங்கும். ஆர்சிசிபியில் இருக்கும் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள், அழுத்தியும் விழாவிட்டால் அன்றைக்கே மாற்றுங்கள்.